சூதாட்ட மாளிகையும் ஊர் மக்களும்

அமெரிக்க நாட்டின் கீழைக் கரைப்பகுதியில், டெலாவேர் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது பிலடெல்பியா மாநகரம். உடன்பிறந்தார் அன்பு என்பது அப்பெயரின் பொருள். 1682-ஆம் ஆண்டில் வில்லியம் பென் என்னும் பெரியார் அதனைத் தோற்றுவித்தார். போரும் பகையும் வேண்டா என்னும் குவேக்கர் நெறியைச் சேர்ந்தவர் அவர். அவ்வாண்டிலேயே அவருடைய குடியேற்றத்தில் இயற்றப்பெற்ற பெருஞ்சட்டம், சீட்டு, பகடை, பரிசுச்சீட்டு முதலியவற்றைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. ஆற்றங்கரையில் ஓர் எல்ம் மரத்தின் நிழலில் அந்நிலத்துப் பழங்குடியாரோடு பென் நட்புடன்படிக்கை செய்துகொண்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1810-இல் வீசிய புயலில் அம்மரம் வீழ்ந்தது. அது நின்ற இடம் இன்று ஒரு பூங்கா. அப்பூங்காவுக்கு மிக அருகில், 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள், ஏறத்தாழ 1,600 பொறிகளோடு ஒரு சூதாட்ட மாளிகை திறக்கப்பெற்றது.

அந்த மாளிகை எழுந்த வரலாற்றையும், அதனோடு எழுந்திருக்க வேண்டிய மற்றொரு மாளிகை எழாமற்போன வரலாற்றையும் ஈண்டு எழுதப் புகுகின்றோம். சங்கத்தின் ஆண்டு விழா மலரில் அயல்நாட்டு நகரின் சூதாட்டக் கதை எதற்கு என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டுச் சென்று, வேற்றூரில் நாலைந்து தெருக்களைத் தமதாக்கிக்கொண்டு, அங்கே பள்ளியும் வழிபாட்டிடமும் சங்கமும் கட்டிக்கொண்ட மக்கள் இவ்வரலாற்றின் நடுவில் நிற்கின்றனர். நம்மனோர்க்கு அவர்கள் அயலாராகத் தோன்றமாட்டார்கள்.

சூதின் தீமையைத் தமிழருக்கு எவரும் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். தருமன் கதையும் நளன் கதையும் தெருக்கூத்துப் பார்த்தவர் எல்லாரும் அறிந்தவை. ஆயினும் பழஞ்சூதுக்கும் இக்காலச் சூதுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பழஞ்சூதில் எதிரே அமர்ந்தவன் ஒரு மனிதன். அவனுக்கும் களைப்பு உண்டு, விடிந்தால் எழுந்து போகவேண்டிய வேலை உண்டு. இக்காலச் சூதில் எதிரே நிற்பது ஒரு பொறி. காசையோ அட்டையையோ இட்டுப் பொத்தானை அழுத்தினால் உருவங்கள் சுழன்று நிற்கும். சில நொடிகளில் ஓர் ஆட்டம் முடிந்துவிடும். இட்ட பணத்தில் இத்தனை பங்கு மாளிகைக்கே மிஞ்சவேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு அமைத்த பொறி அது. இரவு பகல் ஓயாது நிற்கும். மேனாட்டார் காசினோ என வழங்கும் மாளிகைகளின் வருவாயில் பெரும்பகுதி இத்தகைய பொறிகளால் வருவதே.

பென்சில்வேனியா மாநிலத்தில் இப்பொறிகளுக்கு இடமளித்த சட்டம் 2004-ஆம் ஆண்டில் பிறந்தது. அது பிறந்த முறை சுவையானது. பந்தயக் குதிரைத் தொழிலில் ஈடுபடுவோரின் முன்வரலாற்றைச் சோதிப்பது குறித்து ஒரு பக்க அளவில் ஒரு சிறு மசோதா மன்றத்தில் கிடந்தது. ஜூலை மாதத் தொடக்கத்தில், நாட்டின் விடுதலைத் திருநாள் விடுமுறையை ஒட்டி, அச்சிறு மசோதா நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட பெரும் மசோதாவாக உருமாறி நிறைவேறிற்று. ஆளுநர் எட் ரெண்டெல் ஜூலை 5-ஆம் நாள் அதில் கையொப்பமிட்டார். 1776-இல் விடுதலை அறிக்கையும் 1787-இல் நாட்டின் அரசியலமைப்பும் உருவான நகரம் பிலடெல்பியா என்பதை நினைக்கும்போது, அத்திருநாளின் விடுமுறையில் இச்சட்டம் வந்தமை அந்நகரத்தார் சிலருக்கு உறுத்தியதில் வியப்பில்லை. மசோதாவின் நோக்கம் இடையில் மாறிவிட்டது, ஆகவே செல்லாது என்று சிலர் வழக்குத் தொடுத்தனர். மாநில உச்சநீதி மன்றம் 2005-இல் சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

சட்டம் கூறியது இது: மாநிலம் முழுவதும் 14 இடங்களில் சூதாட்டப் பொறிகள், அவற்றுள் குதிரைப் பந்தயத் திடலைச் சாராத தனி மாளிகைகள் இரண்டு பிலடெல்பியா நகருக்குள், ஒவ்வொன்றிலும் 5,000 பொறிகள் வரை வைக்கலாம். மாளிகைகளின் பொறி வருவாயில் பாதிக்கு மேல் வரியாகச் செல்லும். 100-க்கு 34 வீதம் வீட்டுவரி முதலிய வரிச்சுமையைக் குறைக்கப் பயன்படும். எப்படியும் நம் மக்கள் அண்டை மாநிலத்து அட்லாண்டிக் நகருக்குச் சென்று சூதாடத்தான் செய்கின்றனர். அப்பணம் இங்கேயே தங்கட்டுமே என்பது அரசின் வாதம். இதனை வெற்று வாதம் என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. ஆலைகள் மூடிப்போன நகரம் அது. வேலை என்ற சொல்லுக்கு அங்கே பெருமதிப்பு உண்டு.

ஆனால் மாளிகைகள் எந்தத் தெருவில் எழும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு? இவ்வினாவில்தான் எல்லாப் பூசலும் தொடங்கிற்று. சட்டம் அவ்வதிகாரத்தை மாநிலச் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அளித்தது. வாரியத்தில் எழுவர், மூவரை ஆளுநரும், நால்வரைச் சட்டமன்றக் கட்சித் தலைவர்களும் அமர்த்தினர். வாரியம் இருப்பதோ நகருக்கு மேற்கே நூறு மைல் தொலைவில், ஹாரிஸ்பர்க் என்னும் தலைநகரில். பிலடெல்பியாவில் இடம் கேட்டு ஐந்து குழுக்கள் விண்ணப்பித்தன. பின்னாளில் குடியரசுத் தலைவராகிய டொனால்ட் டிரம்பின் பெயர் தாங்கிய நிறுவனமும் அவற்றுள் ஒன்று. 2006-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள் வாரியம் இரு குழுக்களைத் தேர்ந்தது. ஒன்று ஷுகர்ஹவுஸ்; வடக்கே பிஷ்டவுன் பகுதியில் பழைய சர்க்கரை ஆலை இருந்த இடம். மற்றொன்று பாக்ஸ்வுட்ஸ், தெற்கே பென்ஸ்போர்ட் பகுதியை ஒட்டிய ஆற்றங்கரை. இரண்டுக்கும் அருகே, சாலைக்கு இப்பால், சுவரோடு சுவராக ஒட்டிய தொழிலாளர் வீடுகள் வரிசை வரிசையாக நின்றன.

அவ்வாண்டிலேயே சூதில்லாப் பிலடெல்பியா என்னும் பொருளுடைய பெயரில் ஓர் இயக்கம் தோன்றிவிட்டது. ஜெத்ரோ ஹைக்கோ, டேனியல் ஹன்டர் ஆகியோர் அதனை முன்னின்று நடத்தினர். சூது பாவம் என்று அவ்வியக்கம் மேடையேறிப் பேசவில்லை. மாளிகையின் வரைபடம் எங்கே, போக்குவரத்து ஆய்வு எங்கே, எங்கள் தெருவில் வர இருப்பதை எங்களுக்குக் காட்டக்கூடாதா என்றே முதலிற் கேட்டது. குறித்த நாளுக்குள் எல்லா ஆவணங்களையும் வெளியிடவேண்டும். இல்லையேல் நாங்களே வந்து தேடுவோம் என்று முன்கூட்டியே அறிவித்தது. சில ஆவணங்கள் வெளிவந்தன, எல்லாம் வரவில்லை. டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், சொன்னவண்ணமே மக்கள் ஹாரிஸ்பர்க் சென்று வாரியத்தின் அலுவலகத்தில் அமைதியாக நுழைய முயன்றனர். 14 பேர் சிறைப்பட்டனர். முன்கூட்டியே அறிவித்து, நாள் குறித்து, கை ஓங்காது சென்று சிறைப்படும் இம்முறையை அண்ணலின் நாட்டில் பிறந்த நமக்கு விளக்க வேண்டுமோ?

அடுத்த ஆண்டு அவர்கள் எடுத்த முயற்சியே இவ்வரலாற்றில் நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. பிலடெல்பியாவின் தன்னாட்சிச் சாசனம் 1951-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. நகர மக்களில் 20,000 பேர் கையொப்பமிட்டால் அச்சாசனத்தைத் திருத்துவது பற்றிய வினாவைத் தேர்தல் வாக்குச்சீட்டில் சேர்க்க வழியுண்டு. வீடு, பள்ளி, வழிபாட்டிடம் போன்றவற்றிலிருந்து 1,500 அடிக்குள் சூதாட்ட மாளிகை கூடாது என்று சாசனத்தில் எழுதலாமா என்பதே வினா. குளிர்காலம். பனியிலும் வாடைக்காற்றிலும் கடைவாயில்களிலும் இரயில் நிலையங்களிலும் நின்று கையொப்பம் திரட்டினர். 27,000-க்கு மேல் சேர்ந்தது. நகர மன்றத்து உறுப்பினர் அனைவரும் ஒருமனதாக அவ்வினாவை வாக்குக்கு விட இசைந்தனர். 1,500 அடி என்பது அரை கிலோமீட்டர்கூட இல்லை. ஆயினும் வாரியம் தேர்ந்த இரண்டு இடங்களும் அந்த எல்லைக்குள் சிக்கின. அந்த எண்ணை ஆராய்ந்துதான் எழுதியிருக்கின்றனர் என்று நாம் கருதுகின்றோம்.

தேர்தல் 2007-ஆம் ஆண்டு மே 15. ஏப்ரல் 13-ஆம் நாள் மாநில உச்சநீதி மன்றம் அவ்வினாவை வாக்குச்சீட்டிலிருந்து நீக்கிவிட்டது. இடம் தேரும் அதிகாரத்தை மாநிலச் சட்டம் வாரியத்திடம் கொடுத்திருக்கிறது. அதனை மாற்றும் வினாவை மக்கள் முன் வைக்க நகர மன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்பது தீர்ப்பு. சட்ட நூலின்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் மக்களாட்சியைப் பறைசாற்றிய நகரத்து மக்களுக்கு, உங்கள் கருத்தைக் கேட்பதே சட்டத்துக்குப் புறம்பு என்று சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்?

தாமே ஒரு தேர்தல் நடத்தினார்கள்! அதே நாளில் வாக்குச் சாவடிகளுக்கு அருகே மேசையிட்டு, தாமே அச்சிட்ட வாக்குச்சீட்டைக் கொடுத்து, தாமே செய்த பெட்டியில் வாக்கு வாங்கினார்கள். அரசு வாக்குச்சாவடியில் மேயர் பதவிக்கான வேட்பாளரைத் தேர்ந்துவிட்டு வெளியே வந்தவர்கள், நீதிமன்றம் நீக்கிய வினாவுக்கும் விடையளித்துச் சென்றனர். ஆயிரக்கணக்கானோர் வாக்களித்தனர், மிகப் பெரும்பாலோர் 1,500 அடி வேண்டும் என்றனர். சட்டத்தின் கண்ணில் அப்பெட்டிகளுக்கு ஒரு செல்லாக்காசின் மதிப்பும் இல்லை. ஆனால் அன்றுமுதல், இந்நகரத்தார் சூதாட்ட மாளிகையை விரும்புகின்றனர் என்று எந்த அரசியலாராலும் கூசாமல் சொல்ல இயலவில்லை. டேனியல் ஹன்டர் பின்னர் 2013-இல் எழுதிய தம் நூலில், இயக்கத்தின் வெற்றிகளோடு உட்பூசல்களையும் சோர்வையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். போராட்டம் நடத்தினவர் எழுதும் நூல்களில் இது அரிய பண்பு.

ஊர் முழுவதும் ஒரே குரலாக எதிர்த்தது என்று நாம் எழுதினால் அது பொய்யாகும். பிஷ்டவுனில் தெருவே இரண்டுபட்டது. சர்க்கரை ஆலை 1981-இல் மூடப்பட்டபின் அவ்விடம் வெறிச்சோடிக் கிடந்தது. பல தலைமுறையாக அங்கே வாழ்ந்த குடும்பத்தார் பலர், வேலை வருகிறதே, வரட்டும் என்றனர். புதிதாக வீடு வாங்கி வந்தவர்களே எதிர்க்கிறார்கள். நேற்று வந்தவர்கள் நமக்குப் பாடம் சொல்வதா என்றும் சிலர் சினந்தனர். ஆதரித்தவர்கள் தாமும் ஒரு சங்கம் கண்டு, மாளிகைக் குழுவோடு உடன்படிக்கை செய்து, அப்பகுதியின் நலத்துக்கு ஆண்டுதோறும் பணம் தரச் செய்தனர். அப்பணத்தால் சுற்றுப்புறத்தில் சில நற்பணிகள் நடந்ததையும் மறுப்பதற்கில்லை. நேற்று வந்தவன் என்னும் சொல்லின் கூர்மையை, இடம்பெயர்ந்து வாழும் நாம் நன்கு அறிவோம்.

நேற்று வந்தவர் என்று நூறாண்டுக்கு மேல் அழைக்கப்பட்ட மக்களிடம் இனிச் செல்வோம்.

நகரின் நடுவே, அரசாங்கக் கட்டடங்களுக்கும் பெருங்கடைகளுக்கும் அருகில், சைனாடவுன் என்னும் சீனர் குடியிருப்பு உள்ளது. 1870-களில் ரேஸ் தெருவில் ஒரு சலவைக் கடையோடு தொடங்கிற்று என்பர். சீனர் குடிபுகுவதைத் தடுக்கும் சட்டம் 1882 முதல் 1943 வரை அந்நாட்டில் நடைமுறையில் இருந்தது; அதனையும் தாங்கிக்கொண்டு அத்தெருக்கள் நிலைத்தன. 1941-இல் அவர்களுக்கெனத் தூய மீட்பர் கோயிலும் பள்ளியும் எழுந்தன. 1960-களில் வைன் தெரு வழியாகப் பெருநெடுஞ்சாலை அமைக்க அரசு திட்டமிட்டபோது அக்கோயிலை இடிக்க முற்பட்டனர். சிசிலியா மோய் யெப் என்னும் அம்மையார் முதலியோர் முன்னின்று எதிர்த்தனர். 1969-இல் குடியிருப்பைக் காக்க ஒரு கழகமும் கண்டனர். நெடுஞ்சாலை முற்றிலும் நிற்கவில்லை; குறுகிய அளவில் கட்டப்பட்டு 1991-இல் திறக்கப்பட்டது. கோயில் தப்பிற்று. ஆயினும் சாலையின் அப்பால் கோயிலும் இப்பால் குடியிருப்புமாகப் பிரிந்தன.

அதன்பின் 1993-இல் திறக்கப்பட்ட மாநாட்டு மண்டபம் ஒரு பக்கத்து நிலத்தை விழுங்கிற்று. 2000-ஆம் ஆண்டில் மேயர் ஜான் ஸ்ட்ரீட், நகரின் பேஸ்பால் குழுவுக்கு அங்கே விளையாட்டரங்கம் கட்ட முனைந்தார். கடைகளை அடைத்து மக்கள் ஊர்வலம் போந்தனர். அவ்வாண்டின் முடிவுக்குள் அத்திட்டம் கைவிடப்பட்டது. அரங்கம் வரவிருந்த பகுதியில், எதிர்த்து நின்றவர்களே சேர்ந்து, நாட்டார் கலைகளையும் முன்னோர் மரபுகளையும் கற்பிக்கும் ஒரு பள்ளியை 2005-இல் தொடங்கினர். ஒரு பெருந்திட்டத்தைத் தடுத்த இடத்தில் பள்ளி கட்டிய செயலைப் படித்தபோது, சங்கக் கட்டடத்தில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்தும் நம் அன்பர்களை நினைத்துக்கொண்டோம்.

இத்தகைய மக்களின் வாயிலில்தான் 2008-இல் சூதாட்ட மாளிகை வந்து நின்றது. ஆற்றங்கரையில் எதிர்ப்பு வலுத்ததால், பாக்ஸ்வுட்ஸ் மாளிகையை மார்க்கெட் தெருவில் காலரி என்னும் அங்காடிக் கட்டடத்துக்கு மாற்றலாம் என்று அரசியல் தலைவர்கள் முடிவு செய்தனர். புதிய மேயர் மைக்கேல் நட்டரும் அதற்கு உடன்பட்டார். ஒரு தெருவில் முள்ளாக இருந்தது மற்றொரு தெருவில் மலராகிவிடும் என்று எண்ணினர் போலும். அவ்வங்காடிக்கும் சைனாடவுனுக்கும் இடையே தூரம் ஒரு தெருதான். 1984-இல் சீனக் கைவினைஞர் வந்து வண்ணந்தீட்டி எழுப்பிய நட்பு வாயிலிலிருந்து நடந்தால் சில நிமிடங்களில் சென்றுவிடலாம்.

சைனாடவுன் மக்களுக்குச் சூதாட்ட மாளிகை கேள்வியறிவன்று, பட்டறிவு. அட்லாண்டிக் நகரில் 1978-இல் மாளிகைகள் திறக்கப்பட்டபின், சைனாடவுன் தெருமுனையிலிருந்தே அங்குச் செல்லப் பேருந்துகள் ஓடின. உணவு விடுதிகளில் நள்ளிரவு வரை பாத்திரம் கழுவியும் அடுப்படியில் நின்றும் உழைப்பவர், மொழி தெரியாமையால் வேறு பொழுதுபோக்கிடம் செல்லக் கூசுபவர், தனிமையில் வாடும் முதியோர் ஆகியோரை அம்மாளிகைகள் அவர்களுடைய தாய்மொழியிலேயே விளம்பரம் செய்து அழைத்தன. போகவர அறுபது அறுபது மைல் என்பதே சிலருக்குக் காப்பாக இருந்தது. அந்த அறுபது மைலை ஒரு தெருவாகச் சுருக்கவே திட்டம் வந்தது. வாரக் கூலியைக் கையில் வாங்கி வீட்டுக்குத் திரும்பும் வழியில் மாளிகை நின்றால் அக்கூலியில் எவ்வளவு வீடு வந்து சேரும் என்று அக்குடும்பத்துப் பெண்கள் கேட்டது பொருளாதார நிபுணரின் வினாவுக்குக் குறைந்ததன்று.

அவர்கள் புதிதாகப் போராடக் கற்க வேண்டியிருக்கவில்லை. அரங்கத்தை எதிர்த்த அனுபவம் எட்டாண்டுக்கு முந்தியது. ஐக்கிய ஆசிய அமெரிக்கர் என்னும் அமைப்பும், கோயில்களும், வணிகர் சங்கங்களும், மாணவரும் ஒன்றுசேர்ந்தனர். நகர மன்றக் கூட்டங்களில் முதியோர் தம் மொழியிலேயே பேச, இளைஞர் மொழிபெயர்த்தனர். ஆற்றங்கரை மக்களுக்கும் இவர்களுக்கும் இடையே ஒரு சோதனை நேர்ந்தது. எங்கள் பகுதியை விட்டுப் போனால் போதும் என்று அவர்கள் ஒதுங்கியிருக்கலாம். சூதில்லாப் பிலடெல்பியா இயக்கம் ஒதுங்கவில்லை. எந்தத் தெருவிலும் வேண்டா என்று சைனாடவுனோடு நின்றது. 2009-இல் மாளிகையை அதே மார்க்கெட் தெருவின் வேறொரு பழைய கடைக் கட்டடத்துக்கு நகர்த்திப் பார்த்தனர். அதுவும் எடுபடவில்லை. மீண்டும் ஆற்றங்கரைக்கே திட்டம் திரும்பிற்று.

இதற்கிடையில் 2008-இன் பணமுடை உலகை உலுக்கிற்று. பாக்ஸ்வுட்ஸ் குழுவுக்குக் கடன் கொடுப்பார் இல்லை. லாஸ் வேகாசின் பெரும் முதலாளியாகிய ஸ்டீவ் வின் 2010 பிப்ரவரியில் கைகொடுக்க முன்வந்து, ஏப்ரலில் விலகிச் சென்றார். 2010-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் வாரியம் பாக்ஸ்வுட்ஸ் உரிமத்தைப் பறித்தது. உரிமத்துக்காகக் கட்டிய 5 கோடி டாலரும் போயிற்று.

மக்கள் வென்றார்களா, வங்கிகள் கைவிட்டனவா? இரண்டும் என்பதே நம் கருத்து. உரிமம் கிடைத்த 2006-இலேயே தடையின்றிக் கட்டத் தொடங்கியிருந்தால், பணமுடை வருமுன்னரே மாளிகை எழுந்திருக்கும். வழக்கும் வாக்கும் ஊர்வலமும் சேர்ந்து தின்ற காலமே அதனைப் பணமுடையின் வாயில் கொண்டுபோய் விட்டது. ஷுகர்ஹவுஸ் மாளிகையும் நான்காண்டு தாழ்ந்தே எழுந்தது, ஆனால் எழுந்துவிட்டது. திறந்த சில ஆண்டுகளில் விரிவாக்கப்பட்டு, 2019-இல் ரிவர்ஸ் என்று பெயர் மாற்றம் பெற்றது. 2010 சனவரியிலேயே பொறிகளோடு மேசைச் சூதுக்கும் மாநிலம் இசைவளித்துவிட்டது.

பறிக்கப்பட்ட இரண்டாம் உரிமமும் வீணாகக் கிடக்கவில்லை. மீண்டும் விண்ணப்பம் கோரினர். மார்க்கெட் தெருவிலும் சைனாடவுனுக்கு வடக்கிலும் கூட இடங்கள் குறிக்கப்பட்டன. மக்கள் மீண்டும் சென்று வேண்டா என்றனர். 2014 நவம்பரில் வாரியம் அவற்றை விடுத்து, நகரின் தென்கோடியில் விளையாட்டரங்கங்கள் சூழ்ந்த இடத்துக்கு உரிமம் அளித்தது.

காலரி அங்காடியின் கதை மட்டும் பின்னும் நீண்டது. புதுப்பிக்கப்பட்டு 2019-இல் வேறு பெயரோடு திறக்கப்பெற்ற அக்கட்டடத்தின் ஒரு பகுதியை இடித்து, கூடைப்பந்து அரங்கம் கட்டப்போவதாக 2022-இல் நகரின் கூடைப்பந்துக் குழுவினர் அறிவித்தனர். சைனாடவுன் மீண்டும் தெருவில் இறங்கிற்று. 2000-இல் மாணவராக ஊர்வலம் போனவர் சிலர் இப்போது தம் பிள்ளைகளோடு வந்தனர். 2024 டிசம்பரில் நகர மன்றம் அரங்கத்துக்கு இசைவளித்தது. எல்லாம் முடிந்தது என்று பலரும் எண்ணியிருந்த வேளையில், 2025 சனவரியில், அக்குழுவினர் தாமே திட்டத்தைக் கைவிட்டுத் தென்கோடியிலுள்ள தம் பழைய இடத்திலேயே தங்குவதாக அறிவித்தனர். அங்கே அவர்களுக்கு அண்டைவீடாக, 2021-இல் திறக்கப்பெற்ற இரண்டாம் சூதாட்ட மாளிகை நிற்கிறது.